தரங்கம்பாடியில் ஓர் எற்பாடு

நெய்தல் நிலத்திற்குரிய சிறுபொழுது எற்பாடு என்பது தமிழ் இலக்கண மரபு. எல் என்பது ஒளியையும் கதிரவனையும் குறிக்கும் பழஞ்சொல். பாடு என்பதற்குச் சாய்தல் என்றும் மறைதல் என்றும் பொருள் கூறுவர். ஆகவே கதிர் சாயும் வேளையே நெய்தலுக்கு உரிய வேளை என்று பெரும்பாலோர் கொண்டனர். ஆயினும் அச்சொல்லுக்குக் கதிரவன் தோன்றும் காலை என்று பொருள் கொண்டாரும் உளர். இக்கருத்து வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியில் பிறந்ததன்று. தமிழகக் கடற்கரையின் திசையும் அதனோடு தொடர்புடையது. சேரநாட்டுக் கரையில் கதிரவன் கடலில் மூழ்குவான். சோழமண்டலக் கரையிலோ அவன் கடலில் எழுந்து நிலத்தில் மறைவான். புகாரிலும் நாகையிலும் நின்று மாலைக் கடலை நோக்குவார்க்குச் செஞ்ஞாயிறு கண்முன் இராது; முதுகுப் பின்னே பனைகளுக்கும் வயல்களுக்கும் அப்பால் இறங்கிக்கொண்டிருக்கும்.

உரையாசிரியர் எதிர்கொண்ட இந்தத் திசைச் சிக்கலை இன்று ஒளிப்படக் கருவியோடு கீழைக் கரைக்கு வருவோரும் எதிர்கொள்கின்றனர். கடலில் கதிரவன் அமிழும் காட்சியைத் தேடி வருபவர்க்கு இக்கரை அதனைத் தருவதில்லை. அது தருவது வேறொன்று. அந்த வேறொன்றைக் காண்பதற்குத் தரங்கம்பாடியைவிடப் பொருத்தமான பழந்துறை அரிது. பாண்டியர் கல்வெட்டும், டேனியர் கோட்டையும், தமிழ் அச்சகத்தின் நினைவும், மீனவர் குடியிருப்பும் ஒரு மாலைப்பொழுதில் நடந்து காணக்கூடிய தொலைவிற்குள் அமைந்த ஊர் அது. அவ்வூரின் மாலையொளியையும், அவ்வொளியில் எடுக்கப்படும் படங்கள் சொல்வதையும் சொல்லாமல் விடுவதையும் வரலாற்று நோக்கில் ஆராய்வது பயனுடையதாகும்.

ஊரும் பெயரும்

தரங்கம் என்றால் அலை. பாடி என்பதைப் பாடுதலோடு இணைத்து, அலைகள் பாடும் ஊர் எனப் பொருள் கூறுவது வழக்கமாகிவிட்டது. சுற்றுலாக் கையேடுகளும் அவ்வாறே எழுதுகின்றன. கவிஞர் உள்ளத்திற்கு இனிய விளக்கம் இது. ஆனால் கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயிற் கல்வெட்டு வேறு செய்தி கூறுகின்றது. 1306ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. அதில் ஊரின் பெயர் சடங்கன்பாடி என்றும், குலசேகரன்பட்டினம் என்றும் காணப்படுகின்றது. பாடி என்பது ஈண்டு ஊரையே குறிக்கும். சடங்கன்பாடி பிற்காலத்தே தரங்கம்பாடி ஆயிற்று. டேனியர் நாவில் அது டிராங்கிபார் ஆயிற்று. அலையின் பாட்டு, பெயர் திரிந்த பின்னர் மக்கள் தம் கற்பனையால் ஊருக்குச் சூட்டிய அணி.

பட்டினம் என்னும் சொல் கடல்வணிகம் நிகழ்ந்த ஊரைச் சுட்டுவது. பாண்டிய மன்னன் பெயரால் ஒரு பட்டினம் இங்கு விளங்கியது என்பதனால், ஐரோப்பியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இத்துறை சிறப்புற்றிருந்தது என்பது தெளிவு. டேனியர் ஒரு வெற்று மணற்கரையில் வந்து இறங்கவில்லை. பெயரும் கோயிலும் வணிகமும் உடைய ஊரொன்றில் இடம் கேட்டுப் பெற்றனர்.

அவ்வாறு அவர்கள் இடம் பெற்றது 1620இல். தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்கும் அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் உடன்படிக்கை ஏற்பட்டது. ஓவ் கிட்டே என்னும் தளபதி 1618இல் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்டு, நெடிய கடற்பயணத்தில் பலரை இழந்து, இக்கரையை அடைந்தார். நாயக்கர் டென்மார்க் மன்னருக்கு விடுத்த பொன்னோலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் உள்ளது. கோட்டை கட்டவும் வணிகம் செய்யவும் டேனியர்க்கு உரிமை கிடைத்தது. டேன்ஸ்போர்க் என்னும் கோட்டை கடலோரத்தில் எழுந்தது.

துறைமுகம் என்னும் சொல்லைக் கேட்டதும் கப்பல்கள் அணைந்து நிற்கும் மேடையை இக்காலத்தார் எண்ணுவர். தரங்கம்பாடியில் அத்தகைய அமைப்பு இருந்ததில்லை. கரையோரக் கடல் ஆழமற்றது, அலையோ வலியது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளும், கட்டுமரங்களும் அலையைக் கடந்து சென்று மனிதரையும் பொதிகளையும் ஏற்றி இறக்கும். ஆணி அறைந்த படகு அலையில் மோதிப் பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். கோட்டையைக் கட்டியவர் பெயர் ஏடுகளில் உள்ளது. ஒவ்வொரு பொதியையும் ஒவ்வோர் ஆளுநரையும் அலைகடந்து கொணர்ந்த கரையோர மக்களின் பெயர் எங்கும் இல்லை. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டே இவ்வூரின் படங்களைக் காணவேண்டும்.

வாயிலிலிருந்து கோட்டை வரை

மாலையில் இவ்வூருக்கு வருபவர் மேற்கிலிருந்தே நுழைகின்றனர். 1792இல் திரும்பக் கட்டப்பட்ட நகர வாயில் வெண்சுண்ணம் பூசி நிற்கின்றது. அதன் வழியே நுழைந்தால் அரசர் தெரு நேர்கிழக்காகக் கடலை நோக்கிச் செல்லும். கதிர் சாயும் நேரத்தில் ஒளி வாயிலின் பின்னிருந்து தெரு நெடுகப் பாயும். நடப்பவரின் நிழல் அவருக்கு முன்னே நீண்டு கிடக்கும். ஒளிப்படக் கலைஞர்க்கு இது நல்வாய்ப்பு. கதிரவனை எதிர்கொள்ள வேண்டியதில்லை. அவன் பின்னிருந்து ஏந்திப் பிடித்த விளக்கில் எதிரேயுள்ளவை யாவும் துலங்கும். சுவரின் வெடிப்பும் காரை பெயர்ந்த இடமும் சாய்ந்த ஒளியில் தனித்தனியே புலப்படும். உச்சிவேளையில் தட்டையாய்த் தோன்றும் சுவர் இப்பொழுது தன் வயதைக் காட்டும்.

தெருவில் உள்ள புது எருசலேம் ஆலயத்தின் முகப்பில் அரச முடிச்சின்னமும் 1718 என்னும் ஆண்டும் உள்ளன. அதனைக் கட்டியவர் சீகன்பால்கு. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்ப, புளூட்சோ என்பவரோடு அவர் இக்கரையில் வந்திறங்கியது 1706 சூலை 9ஆம் நாள். வந்தவர் முதலில் செய்தது தமிழ் கற்றதே. முதிய ஆசிரியர் ஒருவரிடம், சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி எழுத்தறிந்தார். ஈராண்டுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி அவற்றிற்கு ஒரு பட்டியல் எழுதினார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை செருமானிய மொழியில் பெயர்த்தார். தம் சமயத்தைப் பரப்ப வந்தவர் இந்நாட்டு அறநூல்களைத் தம் நாட்டார்க்கு அறிமுகம் செய்தது எண்ணத்தக்கது.

இதே கோட்டையில் அவர் சிறையிருந்ததும் வரலாறு. டேனிய வணிகக் குழுவின் ஆளுநர்க்கும் அவர்க்கும் பகைமை முற்றியதனால் 1708இன் இறுதியில் சிறையிடப்பட்டு, நான்கு திங்கள் கழித்தே வெளிவந்தார். பின்னர் 1712இல் அச்சுப்பொறி வந்தது. தமிழ் எழுத்துகளை முதலில் செருமனியின் ஆலே நகரில் வார்த்தனர். அவை அளவிற் பெரியன. தாள் மிகுதியும் செலவாயிற்று. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். புதிய ஏற்பாட்டின் தமிழ்ப் பெயர்ப்பு 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சேறியது. அண்டையிலுள்ள பொறையாற்றில் தாள் ஆலை ஒன்றும் எழுந்தது. தமிழ் அச்சு இங்குப் பிறக்கவில்லை. 1578இலேயே கொல்லத்தில் தமிழ் எழுத்தில் நூல் அச்சாகிவிட்டது. ஆனால் எழுத்து வார்ப்பு, தாள், அச்சு, கட்டடம் என யாவும் ஓரிடத்தே கூடித் தொடர்ந்து நூல் வெளிவந்த ஊர் என்னும் பெருமை தரங்கம்பாடிக்கு உண்டு. சீகன்பால்கு 1719 பிப்ரவரியில், முப்பத்தேழாம் வயது நிரம்புமுன், மறைந்தார். தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கமானார்.

தெரு முடியுமிடத்தில் அகன்ற திடல். அதன் கிழக்கே கோட்டை. மாலைக் கதிர் நிலத்தின் பக்கத்து மதிலில் விழ, மஞ்சட் காரைச் சுவர் பொன்னிறம் கொள்கின்றது. அதன் பின்னே கடல் நீலம் கறுத்துக் கிடக்கின்றது. பெரும்பாலான படங்கள் இவ்விடத்திலேயே எடுக்கப்படுகின்றன. மதிலின் கடற்பக்கம் அந்நேரத்தில் நிழலில் ஆழ்ந்திருக்கும். கப்பலில் வந்தவர்க்கு முதலில் தோன்றிய முகம் அதுவே. வந்தவர் கண்ட முகத்தைக் காலையிலும், இருந்தவர் கண்ட முகத்தை மாலையிலும் காணலாம். கருவி எந்நேரம் இயக்கப்படுகின்றதோ அந்நேரத்திற்கேற்பவே வரலாறும் முகம் காட்டுகின்றது.

கருவி வராத காலம்

டேனியர் ஆட்சி நடந்த தரங்கம்பாடியை ஒளிப்படங்களிற் காண முற்படுவோர் ஏமாற்றமே அடைவர். தாகேரின் ஒளிப்பட முறை பாரிசில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது 1839இல். தரங்கம்பாடியும் வங்கத்துச் செராம்பூரும் 12.5 இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் குழுமத்திற்கு விற்கப்பட்டன 1845இல். இடையே உள்ளவை ஆறே ஆண்டுகள். இருநூற்று இருபத்தைந்து ஆண்டு நீடித்த ஆட்சியின் இறுதி ஆறாண்டில் மட்டுமே கருவி உலகில் இருந்தது. எனவே அக்காலத் தரங்கம்பாடியைப் பெரிதும் தூரிகையும் எழுதுகோலுமே காத்துத் தந்தன. 1733இல் டிரெல்லுண்டு என்பவர் வரைந்த நகரப்படம் தெருக்களையும் மதிலையும் காட்டுகின்றது. 1788 முதல் 1806 வரை ஆளுநராயிருந்த பீட்டர் ஆங்கர் ஓவியக் கையும் உடையவர். ஊரையும் தமிழ்நாட்டுக் கோயில்களையும் வரைந்தார். நார்வேயிற் பிறந்த அவருடைய ஓவியங்கள் இன்று ஆஸ்லோ நகரில் உள்ளன.

கருவி தமிழகத்திற்கு வந்தபின்பும் மாலைப்பொழுது அதற்கு எளிதில் வசப்படவில்லை. அக்காலத் தாள்களும் கண்ணாடித் தகடுகளும் நீல ஒளிக்கு மட்டுமே நன்கு இணங்கின. சிவப்பும் செம்மஞ்சளும் அவற்றிற்கு இருளே. வானமோ மிகைப்பட்டு வெறும் வெள்ளையாய்ப் பதியும். 1857, 1858ஆம் ஆண்டுகளில் சென்னை அரசின் ஒளிப்படக் கலைஞராய்ப் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப் மதுரை, தஞ்சை, திருச்சி முதலிய ஊர்களைப் படமெடுத்தார். வெறுமையாய்ப் பதிந்த வானத்தில் மேகங்களைத் தம் கையால் தீட்டிச் சேர்ப்பதும் அவர் வழக்கம். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். ஒளிப்படக் கருவி அழகை நாடும் முன்பே எழுத்தைக் காக்க முனைந்ததற்கு அதனினும் சிறந்த சான்று இல்லை. 1873இல் செருமானிய வேதியியலார் வோகல், சாயமூட்டினால் தகடுகள் பிற நிறங்களையும் உணரும் என்று கண்டறிந்தார். செந்நிறம் உட்பட எல்லா ஒளியையும் உணரும் தகடுகள் 1906ஆம் ஆண்டளவில்தான் விற்பனைக்கு வந்தன.

அதற்குள் தரங்கம்பாடி ஆரவாரம் அடங்கிய ஊராகிவிட்டது. ஆங்கிலேயர் தஞ்சை மாவட்டத் தலைமையிடத்தை 1845 முதல் 1860 வரை இங்கு வைத்திருந்து பின் அகற்றினர். 1861இல் நாகப்பட்டினத்திற்கு இருப்புப்பாதை வந்ததும் கடல்வணிகம் அவ்வழியே திரும்பியது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் வந்த இருப்புப்பாதையும் 1986இல் மூடப்பட்டது. இன்று வருவோர் இவ்வூரின் அமைதியை வியக்கின்றனர். அகன்ற தெருவில் ஆளில்லாமை படத்திற்கு அழகு தருகின்றது. அவ்வமைதி இயற்கையாய் அமைந்ததன்று. வணிகம் பெயர்ந்ததால், அலுவலகம் பெயர்ந்ததால், தொடர்வண்டி நின்றதால் ஏற்பட்ட வெறுமை அது. அழகெனப் படத்திற் பதிவது ஓர் ஊரின் இழப்பு.

கோயிலும் கடலும்

கோட்டையின் வடக்கே கரையோரமாக நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். மாசிலா மணி என்பது குற்றமற்ற மணி. சடங்கன்பாடி என்னும் பெயரைக் காத்துத் தந்த கல்வெட்டு இக்கோயிலினது. நெடுங்காலம் இக்கோயில் கடலுக்குத் தன்னைச் சிறிது சிறிதாய்க் கொடுத்துவந்தது. முன்பகுதி இடிந்து அலையிற் கிடந்தது. கற்கள் மணலிற் புதைந்தன. எஞ்சிய விமானம் சாயுங்கால வானத்தின் முன்னே கருநிழலாய் நிற்கும் காட்சியே இவ்வூரின் புகழ்பெற்ற படமாகப் பல்லாண்டுகள் உலவியது. அண்மைக் காலத்தே கோயில் புதுப்பிக்கப்பட்டு, கரையில் பெரும் பாறைகள் அடுக்கப்பட்டுள்ளன. பழைய படங்களோடு இன்றைய தோற்றத்தை ஒப்பிடுவோர் ஊர் எவ்வளவு இழந்து எவ்வளவு மீட்டது என்பதை உணர்வர்.

கடல் இக்கரையில் முன்னேறுவது புதிய செய்தியன்று. இங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் காவிரிப்பூம்பட்டினம். புகாரைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகின்றது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1707இல் எழுப்பிய முதல் ஆலயமும் 1715இல் கடற்சீற்றத்தால் அழிந்தது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை ஓங்கிக் கரையை அரிக்கும். ஆண்டின் பிற பகுதியில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கரையோரமாய் நகரும். இந்த மணலோட்டத்தைத் தடுத்துக் கடலினுள் எது கட்டப்பட்டாலும் அதன் வடபுறக் கரை மெலியும். ஓரிடத்தைக் காக்க இடும் கல் மற்றோரிடத்தின் மணலைத் தின்னும் என்பதனால், கரைகாத்தல் என்பது ஓர் ஊர் தனித்துச் செய்யும் பணியாகாது.

இங்கேதான் ஒளிப்படத்தின் வரலாற்றுப் பயன் வெளிப்படுகின்றது. ஓர் ஆண்டில் எடுத்த படத்தில் கோயிலுக்கும் அலைக்கும் இடையே எத்தனை தென்னை, எத்தனை முழ மணல் என்று எண்ணிவிடலாம். மற்றோர் ஆண்டின் படத்தோடு அதனை வைத்துப் பார்த்தால் கடலின் நடை தெரியும். அளவெடுக்க எண்ணாதவர் எடுத்த படமும் அளவுகோலாகும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எடுத்த நாளும் நின்ற இடமும் தெரிந்திருக்க வேண்டும். அவையின்றி எவ்வளவு அழகிய படமும் வரலாற்றுக்கு ஊமை.

படத்திற்கு வெளியே

தரங்கம்பாடியின் மாலைப் படங்களில் பெரும்பாலும் இடம்பெறாதவர் அவ்வூரில் வாழ்வோரே. கோட்டை இருக்கும், அலை இருக்கும், வானம் இருக்கும். கரையேற்றிய படகுகள் ஓரத்தில் வண்ணமாய் அமையும். அப்படகின் நிழலில் அமர்ந்து வலை சீர்செய்யும் முதியவர், ஒளிக்கு இடையூறென்று ஒதுக்கப்படுவார். அல்லது பெயரற்ற கருநிழலாய்ப் படத்தினுள் நிறுத்தப்படுவார். மசூலாப் படகோட்டியர்க்கு ஏடுகள் செய்ததையே கருவியும் அவர் வழித்தோன்றல்களுக்குச் செய்கின்றது.

2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாட்காலை ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. அந்நாளில் தரங்கம்பாடியையும் உள்ளடக்கியிருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். தமிழகத்தில் மிகப்பெரிய இழப்பு அம்மாவட்டத்தினுடையதே. தரங்கம்பாடி மீனவர் குடியிருப்பும் நிலைகுலைந்தது. கோட்டை நின்றது, குடிசைகள் போயின. அடுத்த நாட்களில் உலகெங்கிலுமிருந்து கருவிகள் வந்தன. இதற்குமுன் படத்தின் ஓரத்திற்கும் வராத முகங்கள் அன்று படத்தின் நடுவே நின்றன. அழுத முகம் மட்டுமே வேண்டப்பட்டது.

அவ்வலை கொண்டு சென்றவற்றுள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படங்களும் அடங்கும். திருமண நாளிற் கருவியின் முன் நின்ற இணையர், பள்ளிச் சீருடையில் நின்ற பிள்ளை, மாலையிட்ட மூதாதை என ஒரு குடும்பத்தின் கையிலிருந்த வரலாறு முழுதும் அச்சட்டங்களுள் இருந்தது. கடற்கரையோரக் குடும்பங்கள் பலவற்றிற்கு இறந்தவரின் ஒரு படமும் எஞ்சவில்லை. கோட்டைக்கு ஆயிரக்கணக்கான படங்கள் உண்டு. அதன் நிழலில் வாழ்ந்து மறைந்த குழந்தைக்கு ஒன்றும் இல்லை. ஒளிப்படம் எடுக்க இவ்வூருக்கு மாலையில் வருவோர் சிந்தித்தற்குரிய செய்தி இதுவே. எடுத்த படத்தில் ஒரு படியை அதில் இடம்பெற்றவர் வீட்டிற்கு அளித்துச் செல்வது சிறு செயல். ஆனால் கைப்பொருள் முழுதும் கடலுக்குக் கொடுத்த ஊரில் அதன் மதிப்பு வேறு.

பேரலைக்குப் பின் மீனவர்க்குக் கடலினின்று விலகிய புதிய குடியிருப்புகள் கட்டப்பட்டன. வலையும் படகும் கரையில், வீடு உள்நாட்டில் என்னும் வாழ்வு தொடங்கியது. 2020இல் மயிலாடுதுறை தனி மாவட்டமானபோது தரங்கம்பாடி அதனோடு சேர்ந்தது. கோட்டையில் தமிழக அரசின் தொல்லியல் துறை அருங்காட்சியகம் அமைத்துள்ளது. பழையதைக் காக்கும் முயற்சிகள் வரவேற்கத்தக்கவை. ஆயினும் எது பழையது என்னும் வினா எஞ்சுகின்றது. நானூறு ஆண்டுக் கோட்டை பழையது. அக்கோட்டைக்கு முன்பே பாண்டியன் பட்டினத்தில் வலை வீசிய தொழில் அதனினும் பழையது. காக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலில் அதுவும் இடம்பெறுதல் வேண்டும்.

நிலவெழும் வேளை

கதிரவன் மறைந்த பின் இக்கரையில் மிகக் குறுகிய ஒரு பொழுது உண்டு. நிலநடுக்கோட்டிற்கு அணித்தான நாடாகையால் அந்தி நீடிப்பதில்லை; ஏறத்தாழ 20 நிமிடங்களில் ஒளி மங்கிவிடும். அப்போது கிழக்கே கடலை நோக்குவார்க்கு அடிவானின்மேல் சாம்பல் நீலமாய் ஒரு பட்டை எழுவது தெரியும். அதன்மேல் இளஞ்சிவப்பு விளிம்பு. மேகமென்று அதனை எண்ணுவாரும் உளர். அது நிலவுலகின் நிழல். மேற்கே கதிரவன் இறங்க இறங்க, உலகின் உருண்ட நிழல் கிழக்குவானில் ஏறுகின்றது. கதிரவன் கடலில் மறையும் கரையில் நிற்பார் பெரும்பாலும் மறையும் செங்கதிரையே நோக்கி நின்றுவிடுவர். தம் முதுகுப் பின்னே எழும் இந்நிழலைக் காண்பது அரிது. கீழைக்கரையினர்க்கோ அது கடலின்மேல் தடையின்றி விரிந்து கண்ணெதிரே நிகழ்கின்றது.

நிறைமதி நாளானால் அந்நிழற்பட்டையின் ஊடே கதிர் மறையும் நேரத்தை ஒட்டி நிலவு கடலிலிருந்து எழும். முதலிற் செம்பின் நிறம், பின் பொன், பின் வெள்ளி. அக்கணம் கோட்டைச் சுவரில் மேற்குவானின் எஞ்சிய ஒளியும், அலையில் கிழக்கு நிலவின் ஒளியும் ஒருங்கே விழும். பகல் நேரத்து ஒளியளவும் நிலவின் ஒளியளவும் ஒத்திருக்கும் அச்சில நிமிடங்களே கருவிக்கு உகந்தவை. முன்னே எடுத்தால் நிலவு மங்கும். பின்னே எடுத்தால் ஊர் இருளும். முக்காலியில் கருவியை நிறுத்திச் சில நொடிகள் திறந்துவைத்தால் அலைகள் உருவழிந்து பனிபோற் படரும். ஒவ்வோர் அலையும் மறைந்து கடல் என்னும் ஒன்று மட்டும் எஞ்சும். நெய்தலுக்குரிய பொழுது கதிர் மறைவா, கதிர் எழுச்சியா என்று வினவியவர்க்கு இக்கரை தரும் விடை ஒருவாறு இரண்டையும் தழுவியது. ஓர் ஒளி நிலத்தில் மறைய மற்றோர் ஒளி நீரில் எழுகின்றது.

புகாரில் இந்திர விழா சித்திரை நிறைமதியை ஒட்டித் தொடங்கியதாகப் பழங்காப்பிய மரபு கூறுவதையும் இங்கு நினைவுகூரலாம். கடலில் நிலவெழக் கண்ட மக்கள் தம் பெருவிழாவிற்கு அந்நாளைத் தேர்ந்ததில் வியப்பில்லை.

இவ்வளவும் காட்டும் படத்தின் பின்புறத்தில் எழுதவேண்டியவை சிலவே. கல்வெட்டு வெட்டுவித்தோர் மன்னன் பெயர், ஆட்சியாண்டு, ஊர்ப்பெயர், கொடுத்தவர் பெயர், கொடுத்த பொருள் ஆகியவற்றை விடாது குறித்தனர். புறப்பாடல்களைத் தொகுத்தோர் பாடியவர் இன்னார், பாடப்பட்டவர் இன்னார், இன்ன நிலையிற் பாடியது என்று அடிக்குறிப்பு வரைந்தனர். அக்குறிப்புகள் இல்லையேல் அப்பாடல்களுட் பல எந்நாட்டு எம்மன்னனைப் பாடின என்பதே விளங்காமற் போயிருக்கும். 1306ஆம் ஆண்டுக் கல்வெட்டு தன் ஊர்ப்பெயரைக் குறிக்காதிருந்தால் தரங்கம்பாடி அலைகள் பாடும் ஊராகவே எஞ்சியிருக்கும், சடங்கன்பாடி மறைந்திருக்கும். தமிழ் மரபு குறிப்பெழுதும் மரபு. தூரிகைக்கும் கருவிக்கும் கவிதைக்கும் அது பொதுவாதல் தகும்.

மாலை முடிந்து இருள் சூழ்ந்ததும் வந்தவர்கள் கருவிகளை உறையிலிட்டுத் திரும்புகின்றனர். திடலில் விளையாடிய சிறுவர் வீடு செல்கின்றனர். வலை சீர்செய்த முதியவர் நூலை மடித்து வைத்து எழுகின்றார். அவருடைய படகு விடியுமுன் கடலிறங்கும். அவர் பெயரையும் அந்நாளின் தேதியையும் கேட்டெழுதிச் சென்ற ஒருவரேனும் அம்மாலை வந்திருந்தால், எழுநூறு ஆண்டுக்கு முன் பாண்டியன் காலத்துக் கல்தச்சன் இக்கரையில் தொடங்கிய பணி தொடர்ந்தது எனலாம்.